நகத்தளவு

ஆறாவது முறையும்
மவுசைக் கவிழ்த்து வயிற்றைப் பார்த்தேன்.
சிவப்பு வெளிச்சம் இருக்கிறது.
திரையில் அம்பு மட்டும்
நடுறோட்டில் படுத்த மாடு மாதிரி
எழும்ப மாட்டேன் என்கிறது.

பரந்தனில் இரவு எட்டரை.
நெல் ஆலைக் கணக்கு விடியமுன் போகவேண்டும்:
முந்நூற்றுப் பதினேழு மூட்டை,
ஈரம் கழித்த நிறை,
கடன் சொன்ன பதினொரு பேர்.
நான் தட்டுவது நெல்.
விழுவது நெநெநெநெநெல்,
அல்லது ஒன்றுமே இல்லை.

பற்றறி மாற்றினேன்.
சந்திக்கடை சூரியகுமார்
சத்தியம் பண்ணித் தந்த பற்றறி.
அவன் சத்தியத்தையும் சோதிப்போம் என்று
சுவர் மணிக்கூட்டில் கிடந்ததைக் கழற்றிப் போட்டேன்.
இப்போது மணிக்கூடும் நின்றுவிட்டது.

அடியிலுள்ள ஆளியை அணைத்துப் போட்டேன்.
இணைக்கும் பொத்தானை விரல் வெளுக்க அமத்தினேன்.
கணினியை நித்திரையாக்கி எழுப்பினேன்.
கதிரையை உதைத்தேன்.
வயரில்லாமலே
அது உடனே பதில் சொன்னது, என் பெருவிரலில்.

பிறகுதான் றிசீவரைப் பிடுங்கினேன்.
பெட்டியின் முதுகில், தூசிக்குள்,
நகத்தளவு.
கை நழுவியது.
ஒரு சின்னச் சத்தம் கூட இல்லை.

"அசையாத."

இமல்டா கதவடியில் நின்றாள்,
ஈரத் தலையோடு.
பகல் முழுக்க முகமாலை மணலில்
முழங்காலில் இருந்தவள்.
நெற்றியில் முகக்கவசம் அழுத்திய கோடு
குளித்தும் போகவில்லை.
"நிண்ட இடத்திலயே நில்லு."
ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன்.

வேலையை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.
கருவி அலுவலகத்தினுடையது.
அதைப் பற்றிய பேச்சும்.
ஆனால் அன்று
மகளின் சிவப்பு நாடா இரண்டை எடுத்து
மேசைக்காலில் இருந்து கதவடி வரைக்கும்
ஒரு முழம் இடைவிட்டு இழுத்துக் கட்டினாள்.
டோர்ச்சைத் தரையோடு படுக்கவைத்தாள்.
சீமெந்தில் ஒவ்வொரு மண்பருக்கைக்கும்
ஒரு பனையளவு நிழல்.

பென்சில் முனை.
உளுந்து, பாதி.
போன ஈஸ்டருக்குத் தேடி
என்னோடு மூன்று நாள் கதைக்காமல் இருந்த
தோட்டுச் சுரை.
பல்லி விட்டுப்போன வால்.
எடுத்த இடத்திலெல்லாம் சோக்கால் புள்ளி வைத்தாள்.

"இது ஏன்?"
"பாத்த இடம் பாத்ததெண்டு தெரியோணும்.
நீ ஆறுதரம் ஒரே மவுசைப் பாத்திருக்கிறாய்."

கதவடி வந்தது.
இல்லை.
திரும்பி, தலையிலிருந்து கீழே
என்னை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.
"சாரத்தை மெல்ல இறக்கு."
மடித்துக்கட்டிய மடிப்புக்குள் இருந்து
விழுந்தது.

பழைய துளையிலேயே செருகப் போனேன்.
கையில் ஒரு தட்டு.
"நேற்று இதில புதுசா என்ன வைச்சனி?"

நேற்று?
நேற்று ஒரு வன்தட்டு.
நீலத் துளையில்,
றிசீவருக்குப் பக்கத்து வீட்டில்.

"அதைக் கழற்று. அதை மட்டும்.
வேற ஒண்டையும் தொடாத."

பெட்டியின் முன்பக்கம்,
மறைப்பில்லாத இடத்தில்,
றிசீவரைக் குத்தினாள்.
"பக்கத்தில இரும்பு கத்திக்கொண்டிருந்தா
எங்கட மெசினுக்கும் ஒண்டும் கேக்காது,"
என்றவள்
அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல்
சோறு போடப் போனாள்.

அம்பு எழும்பியது.
நெல் என்று தட்டினேன்.
நெல்.

கணக்கு முடிய எத்தனை மணியோ.
தண்ணீர் குடிக்க எழும்பினேன்.
வீடு இருட்டு.
நாடா இரண்டுக்கும் நடுவால்தான் நடந்து போனேன்,
நடுவால்தான் திரும்பி வந்தேன்.
என் வீடு. நான் மெழுகிய சீமெந்து.
எண்டாலும்.

விடிய, மகள் வந்து
மேசைக்காலில் இருந்த நாடாக்களை
யாரையும் கேட்காமல் அவிழ்த்துப்
பின்னலில் கட்டினாள்.
சுவரைப் பார்த்தாள்.
"ஐயோ, எட்டரை!" என்று கத்திக்கொண்டு
சோக்குப் புள்ளிகளை மிதித்து
ஓடினாள்.